தையல் வலியைத் தாங்கித்தான் ஆக வேண்டுமா?

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்தாலும் 'புத்தூர் கட்டு' என்று எழுதிய பலகை ஒன்றாவது கண்ணில் படும். அந்தப் புத்தூர் ஆந்திர எல்லைக்குள், சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்து ஊர். அதை அடுத்த ராச்சபாளையத்தில் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறார்கள். முறிந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, இழுத்து நேராக்கி, பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் சுற்றிவிடுவார்கள். மயக்க மருந்து கிடையாது. "கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ" என்பார்கள். கூட வந்தவர் தோளை அமுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒரு அலறல், அவ்வளவுதான்.

அந்த வைத்தியத்தின் நிறைகுறையைப் பேச இங்கே வரவில்லை. அந்தப் 'பல்லைக் கடிச்சுக்கோ' கட்டு போடும் இடத்தோடு நிற்காமல், ஆபரேஷன் தியேட்டரும் மானிட்டரும் ஆக்சிஜன் குழாயும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குள்ளும் வந்து குடியேறிவிட்டதே, அதைத்தான் பேச வேண்டியிருக்கிறது. எலும்பை இழுக்கிற வலி ஒரு நிமிடம். வயிற்றைக் கிழித்துத் தைத்த வலி இரண்டு, மூன்று நாள் ஆளை உலுக்கும். அந்த வலியின் கடுமையைக் குறைக்கும் வழி மருத்துவத்தில் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மருந்தின் விலை சில நூறு ரூபாயைத் தாண்டாது. ஆனாலும் கார்வேட்டிநகரத்துப் பெண்ணுக்கு அது கிடைப்பது அவள் எந்த ஊர் ஆஸ்பத்திரிப் படியேறினாள், அன்று எந்த மயக்க மருந்து டாக்டர் வந்தார் என்பதைப் பொறுத்த அதிர்ஷ்டமாக இருக்கிறது.

'பெண்ணுக்கு' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தப் பக்கத்தில் வயிற்றில் கத்தி படுகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரத்தில் நூறு பிரசவத்தில் 42 சிசேரியன். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 45. நாட்டுச் சராசரியோ 21.5தான். கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்களின் விகிதத்திலும் ஆந்திரம் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது: 15 முதல் 49 வயதுக்குள் ஏறத்தாழ 9 விழுக்காடு. நாட்டு அளவில் அது 3 விழுக்காட்டை ஒட்டியது. இத்தனை அறுவைகள் தேவைதானா என்பது தனியாக ஒரு கட்டுரைக்கு உரிய கேள்வி. தேவையோ இல்லையோ, கிழித்தாகிவிட்டது. வலி வந்தே தீரும்.

கார்வேட்டிநகரத்திலிருந்து அறுவைக்குப் போகிறவர்கள் வசதிக்கும் வியாதிக்கும் ஏற்ப நான்கு திசையில் போகிறார்கள். அவசரத்துக்குப் புத்தூர் நர்சிங் ஹோம். அரசு ஆஸ்பத்திரி என்றால் சித்தூர், அல்லது திருப்பதியில் ரூயா. பெரிய வியாதி என்றால் தேவஸ்தான ஆதரவில் நடக்கும் ஸ்விம்ஸ். எதிலும் தீராவிட்டால் வேலூர் சி.எம்.சி. திரும்பி வரும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே பாதை. தையல் போட்ட வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தைக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். முதுகில் ஊசி போட்டுச் செய்த அறுவை. சாயங்காலம் வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது தெளியத் தெளிய முகம் மாறியது. இரவு பத்து மணிக்கு இருமல் வந்தது. இரும முடியவில்லை. தலையணையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, இருமலைத் தொண்டையிலேயே நசுக்கி நசுக்கி விழுங்கினார். அப்போது வந்த நர்ஸ், "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். அத்தை சொன்ன பதில்: "பரவால்லம்மா, தாங்கிக்கலாம்." நர்ஸ் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்து, "உயிர் போகுதுடா" என்றார். கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். வலி ஊசிக்கு எதிரே 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதியிருந்தது. நோயாளி கேட்டால் கொடு என்று பொருள். எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்கமாட்டார்கள் என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது.

இருமலை விழுங்குவது சின்ன விஷயம்போலத் தோன்றும். மருத்துவர்களைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள். வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சிழுக்காதவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, நிமோனியாவில் போய் முடியலாம். எழுந்து நடக்காதவருக்குக் காலில் ரத்தம் உறையலாம். சிசேரியன் ஆனவள் குழந்தையை மடியில் வாகாகப் போட்டுப் பால் கொடுக்க முடியாமல் தவிப்பாள். முதல் சில நாள் வலியைக் கவனிக்காமல் விட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அது மாதக்கணக்கில் நிலைத்துவிடுவதும் உண்டு.

தையல் வலி மூளைக்குப் போகும் வழி சிக்கலானதல்ல. வயிற்றின் முன்சுவருக்கு உணர்வு தருபவை முதுகுத்தண்டின் மார்புப் பகுதியில் கீழே உள்ள ஆறு நரம்புகளும் இடுப்பின் முதல் நரம்பும்தான். அவை விலாவைச் சுற்றி முன்பக்கம் வரும்போது வயிற்றுத் தசைகளின் மூன்று அடுக்குகளில் நடு அடுக்குக்கும் கடைசி அடுக்குக்கும் இடையே ஓடுகின்றன. அந்த இடைவெளியில் மரத்துப்போகும் மருந்தை விட்டால் தையல் போட்ட இடத்திலிருந்து செய்தி மேலே போகாது. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக 'டாப் பிளாக்' என்பார்கள். முதுகில் போடும் ஊசியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது பக்கவாட்டில், விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே போடுவது. கால் மரக்காது, எழுந்து நடக்கலாம்.

கருவியோடு செய்வதைப் பார்த்தால் எளிமையாகத்தான் தெரியும். ஸ்கேன் கருவியின் தட்டையான முனையை இடுப்பின் பக்கவாட்டில் வைத்ததும் திரையில் மூன்று தசைகளும் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். அவற்றைப் பிரிக்கும் உறைகள் வெள்ளைக் கோடுகள். அதற்கும் கீழே குடல் அசைவது தெரியும். ஊசி ஒரு பளிச்சென்ற கோடாகச் சாய்வாக உள்ளே வரும். இரண்டாவது உறைக்குக் கீழே நுனி வந்ததும் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். இடம் தவறினால் தசை உப்பும். சரியான இடம் என்றால், கஞ்சி போட்ட புடவையின் ஒட்டிய மடிப்பைப் பிரிக்கிற மாதிரி இரண்டு அடுக்கும் விலகி, நடுவில் கறுப்பாகக் கண் வடிவில் ஒரு குளம் விரியும். அந்தப் பக்கம் முடிந்ததும் இந்தப் பக்கம். மொத்தம் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம்.

உடம்பில் ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் கலை 1884இல் கார்ல் கோலர் கண்ணில் கோகெய்ன் விட்டுப் பார்த்த நாளிலிருந்து தொடங்குகிறது. 1898இல் ஆகஸ்ட் பியர் முதுகுத்தண்டில் போட்டார். வயிற்றுச் சுவருக்கான இந்தக் குறிப்பிட்ட வழியை ராஃபி என்ற மருத்துவர் எழுதியது 2001இல்தான். அவர் ஸ்கேன் எதுவும் பயன்படுத்தவில்லை. இடுப்பெலும்புக்கு மேலே பின்பக்கமாக விரலால் தட்டுப்படும் ஒரு முக்கோணப் பள்ளத்தைத் தேடி, ஊசி உறையைத் துளைக்கும் 'டப்' என்ற உணர்வைக் கையில் வாங்கிச் செய்தார். ஸ்கேனில் பார்த்துச் செய்யும் முறையை 2007இல் எழுதியவர்களில் முதன்மையானவர் பீட்டர் ஹெபர்ட். அவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வாங்கராட்டா என்ற சிற்றூர் ஆஸ்பத்திரியின் மயக்கவியல் மருத்துவர். பெருநகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குத்தான் இதெல்லாம் சரிப்படும் என்று நம்மூரில் சொல்கிறவர்களிடம் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லலாம்.

அதே 2007இல் அயர்லாந்தில் மெக்டானலும் சகாக்களும் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 32 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பிளாக் போடாதவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் சராசரியாக 80 மில்லிகிராம் மார்பின் வேண்டியிருந்தது. போட்டவர்களுக்கு 22 மில்லிகிராம் போதும் என்றாகிவிட்டது. அடுத்த ஆண்டு சிசேரியன் ஆன 50 பெண்களிடம் சோதித்தபோதும் ஏறக்குறைய அதே கதை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பளபளப்பான எண்ணிக்கையைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதுகு ஊசியோடு சிறிதளவு மார்பினும் கலந்து கொடுத்திருந்தால், அதற்கு மேல் இந்த பிளாக் கூட்டித் தரும் நன்மை சொற்பம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

அங்கேதான் நம் ஊர்க் கதை வேறாகிறது. முதுகில் கலக்க வேண்டிய மார்பினின் அளவு மிகச் சிறியது, ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அதற்கென்று பதப்படுத்தும் பொருள் சேர்க்காத மார்பின் வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அந்த மருந்தை வாங்குவதையும் வைப்பதையும் பல ஆண்டுகள் பல உரிமங்களின் பின்னால் பூட்டி வைத்திருந்தது. 2014இல் திருத்தம் வந்து விதிகள் தளர்ந்தன. ஆனாலும் சிறிய ஆஸ்பத்திரிகளின் பீரோவுக்குள் மார்பின் இன்னும் எளிதில் நுழைவதில்லை. வைத்திருந்தாலும், போட்டபின் இரவு முழுக்க நோயாளியின் மூச்சை எண்ணிக் கண்காணிக்க நர்ஸ் வேண்டும். நாற்பது படுக்கைக்கு ஒரே நர்ஸ் என்ற வார்டில் அது நடக்கிற காரியமா? மேலைநாட்டு ஆய்வாளர் 'மார்பின் இருந்தால் பிளாக் தேவையில்லை' என்று எழுதினால், நாம் அதைத் திருப்பிப் படிக்க வேண்டும். மார்பின் இல்லாத இடத்துக்குத்தான் பிளாக் மிகவும் தேவை.

எல்லா வலிக்கும் இது மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது தோல், தசை, தையல் ஆகியவற்றின் வலியை மறைக்கும். உள்ளே கர்ப்பப்பை சுருங்கும்போது வரும் வலிக்கும், குடலை இழுத்ததால் வரும் மந்தமான வலிக்கும் வேறு நரம்புப் பாதை. அதை டாப் பிளாக் தொடாது. வேலை செய்யும் நேரமும் எட்டு மணி, பன்னிரண்டு மணி, சிலருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. எனவே பாராசிட்டமாலும் மற்ற வலி மருந்துகளும் கூடவே வேண்டும். 'கேட்டால்' என்று எழுதிவைக்காமல், கடிகாரம் பார்த்து ஆறு மணிக்கொரு முறை, எட்டு மணிக்கொரு முறை என்று கொடுக்க வேண்டும்.

ஆபத்தே இல்லாததும் அல்ல. இங்கே ஒரு கணக்கு. பியுபிவகெய்ன் என்ற மருந்தின் அரை விழுக்காடு வலுவுள்ள 20 மில்லி குப்பி ஒன்றில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதில் சம அளவு உப்புநீர் கலந்தால் 40 மில்லி ஆகும். பக்கத்துக்கு 20 மில்லி, இது பாடப்புத்தக அளவு. பாதுகாப்பான உச்சவரம்பு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 மில்லிகிராம் என்று கொண்டால், 70 கிலோ ஐரிஷ் பெண்ணுக்கு 140 வரை இடமிருக்கிறது, 100 போட்டால் கவலையில்லை. கார்வேட்டிநகரத்துக் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் பெண்ணின் எடை 42 கிலோ என்று வையுங்கள். அவளுக்கு உச்சவரம்பே 84 மில்லிகிராம். முழுக் குப்பியையும் ஏற்றினால் வரம்பு தாண்டிவிட்டது. முதுகில் முன்பே போட்ட மருந்தைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் குறைக்க வேண்டும். ரத்தத்தில் மருந்து மிகுந்தால் முதலில் உதட்டைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, கடைசியில் இதயத் துடிப்பு தடுமாறும். இதற்கு மாற்று மருந்தாக 20 விழுக்காடு கொழுப்புக் கரைசலை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். பிளாக் போடும் தியேட்டரில் அந்தப் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எடை பார்க்காமல், அந்தப் பாட்டில் இல்லாமல் போடுவதைவிடப் போடாமல் இருப்பதே மேல்.

மருந்து மலிவு, முறை எளிது, ஆபத்துக்கும் மாற்று இருக்கிறது. பிறகு ஏன் பரவவில்லை? முதல் காரணம் ஆள். சித்தூர், திருப்பதிப் பக்கத்துச் சிறு நர்சிங் ஹோம்களில் முழுநேர மயக்கவியல் மருத்துவர் இருப்பது அபூர்வம். போன் போட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார், ஊசி போடுவார், கேஸ் முடிந்ததும் அடுத்த ஊருக்குக் கிளம்புவார். இரவு பத்து மணிக்கு நோயாளி இருமலை விழுங்கும்போது அவர் வேறொரு ஊரின் தியேட்டரில் இருப்பார், அல்லது தூங்கிக்கொண்டிருப்பார். அரசுத் தரப்பிலோ, தட்டுப்பாட்டைச் சமாளிக்க எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்குச் சில மாதம் பயிற்சி கொடுத்துப் பிரசவ அறுவைகளுக்கு மயக்க மருந்து கொடுக்க வைக்கிறார்கள். உயிர் காக்கும் ஏற்பாடு அது, குறை சொல்ல மாட்டேன். தியேட்டருக்கு வெளியே வரும் வலி அந்தப் பயிற்சியின் முதன்மை நோக்கம் அல்ல.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது: சட்டம். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994இல் வந்த பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின்படி, கருவைப் பார்க்கும் திறனுள்ள எந்த ஸ்கேன் கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும். 2012இல் வந்த விதித் திருத்தம் கையில் தூக்கிச் செல்லும் கருவிகளுக்குக் கடிவாளம் போட்டது. பதிவு செய்த கட்டடத்துக்குள் உள்நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம். நடமாடும் மருத்துவ ஊர்தியின் பகுதியாகப் பயன்படுத்தலாம். அதற்கு வெளியே கூடாது. ஒரு மருத்துவர் ஸ்கேன் செய்யப் பதிவு செய்துகொள்வதும் ஒரு மாவட்டத்தில் இரண்டு இடங்களுக்கு மேல் முடியாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை.

இதைக் கார்வேட்டிநகரத்து வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது கார்வேட்டிநகரம் சித்தூரில் நின்றது, புத்தூர் திருப்பதிக்குப் போனது. இந்தப் பக்கம் பள்ளிப்பட்டு தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம். ஒரு மயக்கவியல் மருத்துவர் ஒரே நாளில் இந்த மூன்று மாவட்டத்திலும் கேஸ் பார்க்கலாம். முதுகு ஊசியும் மயக்க மருந்தும் பைக்குள் வரலாம். லேப்டாப் அளவுள்ள ஸ்கேன் மட்டும் அந்தப் பையில் வரக் கூடாது. ரூயாவிலும் ஸ்விம்ஸிலும் மேற்படிப்புக் காலத்தில் திரையைப் பார்த்து ஊசி போடக் கற்றுக்கொண்டவர், பட்டம் வாங்கி வெளியே வந்ததும் அந்தக் கலையை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது.

அந்தச் சட்டம் வீணாக வந்ததல்ல. சேலம், தருமபுரி, உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்களுக்கு நேர்ந்ததைத் தமிழர்கள் மறந்துவிடவில்லை. காருக்குள் கருவியை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாலினம் சொன்ன கும்பல்கள் பிடிபட்ட செய்திகள் இன்றும் வருகின்றன. கடிவாளத்தை அவிழ்த்துவிடு என்று கேட்பது என் நோக்கமில்லை. நரம்பு பிளாக்குக்குத் தேவைப்படும் தட்டை முனை, தோலுக்குக் கீழே சில சென்டிமீட்டர் ஆழத்தைக் கூர்மையாகக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. கருவைப் பார்க்கப் பயன்படும் வளைந்த முனை வேறு. வளைந்த முனையைப் பொருத்தவே முடியாதபடி பூட்டிய கருவிகளை மட்டும், மயக்கவியல் மருத்துவரின் பெயரில், பல ஊர்களுக்குச் செல்லும்படி பதிவு செய்ய ஒரு தனிப் பிரிவு கொண்டுவரலாம். தட்டை முனையாலும் மெலிந்த பெண்ணிடம் ஏதாவது பார்த்துவிடலாம் என்று அதிகாரிகள் ஆட்சேபிக்கக்கூடும். ஆட்சேபம் நியாயமானதே. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் படத்தையும் இடத்தையும் தானே பதிந்துகொள்ளும் வசதியைக் கட்டாயமாக்கினால் அதற்கும் பதில் கிடைக்கும்.

சட்டம் திருந்தும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ராஃபி ஸ்கேன் இல்லாமல்தான் தொடங்கினார். ஆனால் மெலிந்த உடம்பில் குத்துமதிப்பாக ஊசி விட்டால் குடல் வரை போகும் அபாயம் இருப்பதால், அதைப் பழக்கமில்லாத கைகளுக்குப் பரிந்துரைக்கத் தயக்கமாக இருக்கிறது. அதைவிட எளிய வழி அறுவை மருத்துவரின் கையிலேயே இருக்கிறது. வயிற்றை மூடும்போது, தைக்கும் ஓரங்களில் அடுக்கு அடுக்காக அதே மருந்தை அவரே ஊசியால் இறக்கலாம். கருவி வேண்டாம், தனி நிபுணர் வேண்டாம், ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும். சிசேரியனுக்கு மார்பின் கிடைக்காத இடங்களில் இந்த வழியையும் நரம்பு பிளாக்குகளையும் சர்வதேச வலி நிவாரண வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. ஐந்து நிமிடம்கூட ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டால், "அடுத்த கேஸ் டேபிளுக்கு வந்துடுச்சு" என்ற பதில் வரும்.

அடுத்த கேஸுக்குப் பணம் வரும். ஐந்து நிமிட ஊசிக்கு வராது. ஆந்திரத்தில் 2007இல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ திட்டத்தின் வழிவந்ததானாலும் தமிழ்நாட்டில் 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் வழிவந்ததானாலும், அரசுக் காப்பீடுகள் இன்ன அறுவைக்கு இவ்வளவு என்று ஒட்டுமொத்தத் தொகையைக் கொடுத்துவிடுகின்றன. வயிற்றைத் திறந்து மூடினால் பில் முடிந்தது. நோயாளி அன்றிரவு எப்படித் தூங்கினார் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் போட்டால் கணக்கு வரும், கணக்கு வந்தால் கேள்வி வரும். அறுவை முடிந்து ஆறாவது மணியிலும் இருபத்து நான்காவது மணியிலும் வலி எவ்வளவு என்று எழுதிய தாள் இல்லாமல் முழுத் தொகையும் விடுவிக்கப்படாது என்று ஒரு வரி சேர்த்தால், நாலைந்து மாதத்தில் மாவட்டத்தின் முகம் மாறிவிடும். பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் நம் பாட்டிகள் திகைப்பார்கள். "ரூபாய்க்கு எத்தனை பைசா வலி?" என்று கேளுங்கள், "முக்கால் ரூபாய்" என்று பளிச்சென்று பதில் வரும். எஸ்.ஓ.எஸ். என்பதை வயிற்று அறுவை கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்ல மாவட்ட மருத்துவ அதிகாரியின் ஒரு சுற்றறிக்கை போதும்.

நாள் குறித்துக்கொண்டு போகும் அறுவை என்றால் குடும்பத்துக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பணம் எவ்வளவு, டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்பதோடு, மயக்க மருந்து டாக்டர் யார், எப்போது வருவார் என்று விசாரித்து அவரையே பார்த்துப் பேச வேண்டும். முதுகு ஊசியின் மரப்பு விட்டபிறகு வலிக்கு என்ன ஏற்பாடு, தையல் இடத்திலோ பக்கவாட்டிலோ மரக்கும் ஊசி போடுவீர்களா, மாத்திரை மணிப்படி வருமா, இரவில் வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்கலாம். நோயாளியின் எடையைச் சரியாகச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா, இதயக் கோளாறோ ஒவ்வாமையோ உண்டா என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கையெழுத்துக் கேட்டு ஒப்புதல் படிவத்தை நீட்டும் அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரி நம் பேச்சுக்குக் காது கொடுக்கும்.